அணையில் தூண்டில் போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முள் முடிச்சு அவிழ்ந்து போவது, ரீலில் சிக்கு விழுவது, தக்கை அசைந்ததுமே பதறி இழுப்பது, இதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. சில முறை கரைக்குப் போனால் தானாகச் சரியாகிவிடும். ராடும் ரீலும் நன்றாகக் கைக்குப் பழகிய பிறகும் விடாமல் தொடர்கிற தவறுகள் சில உண்டு. பவானிசாகர், ஆழியாறு, திருமூர்த்தி, அமராவதி என்று நம் பக்கத்து அணைகளுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள், ஆரம்பத்தில் நான் செய்ததையே அச்சு மாறாமல் செய்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆள் இருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

நீர்மட்டம் பார்க்காமல் கிளம்புவது

அணையில் எத்தனை அடி தண்ணீர் என்று கொங்கு நாட்டு விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் பேப்பரைப் பிரித்தால் நீர்மட்டம், வரத்து, வாய்க்காலில் போவது, இவ்வளவையும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பக்கம். நெல்லுக்கும் மஞ்சளுக்கும் பார்க்கிற அந்தக் கணக்கை, அதே வீட்டுப் பையன் தூண்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது பார்ப்பதில்லை. எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது இதற்குத்தான்.

ஒரு ஆவணியில் பார்த்தது. கீழ்பவானி வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்திருந்தார்கள். திருப்பூரிலிருந்து இரண்டு தம்பிகள் பவானிசாகருக்கு வந்திருந்தார்கள். போன வாரம் இதே இடத்தில், முழங்கால் ஆழத்தில் நல்ல ரோகு கிடைத்ததாம். அங்கேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மைதா உருண்டை போட்டார்கள், அப்புறம் மண்புழு, அப்புறம் புண்ணாக்கு. முள்ளையும் சின்னதாக மாற்றினார்கள். பொழுது சாயும்வரை ஒரு கொத்துக்கூட இல்லை. பரிசலைக் கரையேற்றிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு, "தண்ணி இறங்குதுங்க தம்பி. மீனு உள்ள போயிருச்சுங்க" என்றார். அவர்கள் நாற்காலி போட்டிருந்த இடமே முந்தின நாள் தண்ணீருக்குள் இருந்த ஈர மண். அதைக் காட்டியும் அவர்கள் நம்பவில்லை. அடுத்த முறை வந்தபோது இன்னும் விலை கூடிய ராடு கையில் இருந்தது. உட்கார்ந்தது அதே இடத்தில்.

விஷயம் இதுதான். தண்ணீர் ஏறும்போது காய்ந்து கிடந்த தரை நனைகிறது. மண்ணிலிருந்த புழு, பூச்சி, புல் விதை எல்லாம் வெளியே வருகிறது. மீனும் அதைத் தேடிக் கரையோரம் மேயவரும். அந்த நேரத்தில் பலம் கொண்ட மட்டும் தூரமாக வீசுகிறவர், மீனைத் தாண்டி இரையைப் போடுகிறார். காலடியிலிருந்து நாலு பாகத்துக்குள் (இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்) போட்டால் போதும். தண்ணீர் இறங்கும்போது நிலைமை தலைகீழ். மேட்டை விட்டு மீன் விலகிப் பழைய ஆற்றுத்தடம், ஓடைப் பள்ளம் என்று ஆழத்துக்குப் போய்விடும். அப்போதுதான் தூர வீச்சு தேவை.

ஏறுகிறதா இறங்குகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு குச்சி போதும். போனவுடன் தண்ணீர் விளிம்பில் நட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். காற்று அலை கொஞ்சம் ஏமாற்றும், அதனால் கரையையும் பாருங்கள். பச்சைப் புல் தண்ணீருக்குள் நின்று, சருகும் நுரையும் விளிம்பில் மிதந்தால் ஏறுகிறது. வெயிலிலும் காயாத ஈரப்பட்டை விளிம்புக்கு மேலே தெரிந்தால் இறங்குகிறது.

ஒவ்வொரு அணைக்கும் போக்கு வேறு. பவானிசாகரின் முழு நீர்மட்டம் 105 அடி. சத்தியமங்கலத்தில் தூறல்கூட இல்லாத நாளில், நீலகிரியில் பெய்த மழையால் அது ஏறும். திருமூர்த்தி 60 அடிதான். பரம்பிக்குளம் தண்ணீர் காண்டூர் கால்வாய் வழியாக வந்து சேர்வதும், மண்டலம் மண்டலமாக முறைவைத்துப் பாசனத்துக்குத் திறப்பதும்தான் அதன் ஏற்ற இறக்கத்தைத் தீர்மானிக்கின்றன. உடுமலையில் பெய்த மழையை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துதான் போவீர்கள்.

கோடையில் ஒருமுறை தூண்டில் இல்லாமல் போய் வாருங்கள். நீர்மட்டம் வெகுவாகக் குறைந்த வருடங்களில், பவானிசாகருக்குள் மூழ்கிக் கிடக்கும் டணாய்க்கன் கோட்டைக் கோயில் வெளியே தெரியும். எல்லோரும் அதைப் படமெடுக்கிறார்கள். நீங்கள் தரையைப் படமெடுங்கள். ஓடை எங்கே திரும்புகிறது, மரக்கட்டை எங்கே கிடக்கிறது, மேடு எங்கே சட்டென்று பள்ளமாகிறது என்று அப்போதுதான் கண்ணால் பார்க்க முடியும். ஆடியில் புதுத்தண்ணீர் வந்து மூடிவிட்டால் பிறகு எதுவும் தெரியாது. சொல்லப்போனால், புதுத்தண்ணீர் செந்நிறமாகக் கலங்கி வருகிற நாட்களில் மைதா உருண்டையை எடுக்கவே வேண்டாம். மண்புழுவைக் கோத்து அடியில் போட்டுக் கெளுத்திக்குக் காத்திருங்கள்.

எல்லா மீனுக்கும் அடியில் இரை போடுவது

மீனின் வாயைப் பாருங்கள். கட்லாவுக்கு வாய் மேல்நோக்கி இருக்கும், மேல்மட்டத்தில் மேய்கிற மீன். மிர்காலுக்குக் கீழ்நோக்கிய வாய், அடிமண்ணைக் கிளறித் தின்னும். ரோகு பெரும்பாலும் நடுவில். ஈயக்குண்டைக் கட்டி இரையை அடியில் இறக்கிவிட்டு, கட்லா வரவில்லையே என்று அணையைக் குறை சொல்வதில் அர்த்தம் இல்லை. நரம்பில் தக்கையின் இடத்தை மாற்றி, இரையை ஒரு முழம் ஒரு முழமாக மேலே கொண்டுவந்து பாருங்கள்.

மார்கழியிலும் விடியலில் போய் நிற்பது

தண்ணீர் குளிர்ந்து கிடக்கும்போது மீன் மந்தமாகத்தான் இருக்கும். வெயில் ஏறி ஓரத் தண்ணீர் சூடாகட்டும், அப்புறம் போங்கள்.

டிராக்கை இறுக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போவது

மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கிற ரீல் திருகுதான் டிராக். அது இறுகியிருந்தால் ராடு தண்ணீருக்குள் போய்விடும்.

குஞ்சோடு திரியும் விராலைப் பிடிப்பது

சிவந்த குஞ்சுக் கூட்டம் நீர் மேலே வந்து வந்து போனால், அடியில் தாய் தகப்பன் காவல் நிற்கும். அந்த நேரத்தில் தவளையைக் கட்டிப் போட்டால் பாய்ந்து வந்து கடிக்கும், பிடிப்பது சுலபம். காவல் போனதும் மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்றுவிடும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஆப்பிரிக்கக் கெளுத்தியைத் திரும்பத் தண்ணீரில் விடுவது

விடவே கூடாது.

யாரையும் கேட்காமல் இறங்குவது

அணைகளில் மீன்பிடி உரிமை குத்தகைக்கோ உரிமம் பெற்ற மீனவர்களுக்கோ போயிருக்கும். அவர்களுடைய வலைக்குள் முள்ளை வீசுவது அவர்கள் பிழைப்பில் கை வைப்பது. முதலில் மீன்துறை அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். கரையில் இருப்பவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வனத்துறை எல்லை எங்கே தொடங்குகிறது என்றும் விசாரியுங்கள். பவானிசாகர் ஓரத்துக்கு யானைகள் தண்ணீர் குடிக்க வரும். அமராவதி நீர்த்தேக்கத்தில் முதலைகள் உண்டு, இடுப்பளவு இறங்கி நின்று தூண்டில் போடுகிற இடம் இல்லை அது.

பில்லூருக்குக் கீழே ஆற்றுப் பாறையில் உட்காருவது

நெல்லித்துறை, மேட்டுப்பாளையம் பக்கம் பவானியில் பாறைகளைப் பார்த்தால் உட்காரத் தோன்றும். மேலே பில்லூர் அணையில் மின் உற்பத்திக்குத் தண்ணீர் விடுவார்கள். மழையே இல்லாத நாளிலும் ஆறு சட்டென்று ஏறும். நடு ஆற்றுப் பாறைக்குப் போகவே வேண்டாம். கரையோரம் நிற்கும்போதும் தண்ணீர் கலங்கினாலோ, சருகு கூட்டமாக மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே மேட்டுக்கு ஏறிவிடுங்கள். ராடை எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள்.