காய்ந்த குச்சியைக் கண்டு கத்தரிக்கோலை எடுக்காதீர்கள்

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை 12 பாகை வெயில் அடித்தால் போதும், ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் நம்மவர்கள் எல்லாரும் பின்வளவில் நிற்பார்கள். மாதக்கணக்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள், குற்றம் சொல்ல ஏலாது. எங்கேயாவது பச்சை தெரிகிறதா என்று குனிந்து குனிந்து தேடுவார்கள். தேடுவது நல்லது. தேடிவிட்டுச் செய்கிற வேலைகளைப் பார்த்தால்தான் பதறுகிறது. கனடாவுக்கு வந்த புதிதில் நாங்கள் செய்த அதே வேலைகள். ஏப்ரலில் கத்தரிக்கன்று நடுவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அதில் ஒருமுறை பட்டால் ஆரும் திருந்திவிடுவார்கள். பட்டும் திருந்தாதவை கீழே.

சுவரோரத்துப் பூவை நம்புவது

தெற்குப் பார்த்த சுவரோரத்தில் ஸ்னோடிராப்போ குரோக்கஸோ, குளிர் முடிய முதலில் வருகிற சின்னப் பூக்கள், பூத்தவுடன் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறோம். பகலில் செங்கல் வாங்கிய வெயிலும் பேஸ்மென்டிலிருந்து கசியும் சூடும் அந்த ஓரடி மண்ணை முன்கூட்டியே இளக்கிவிடும். அதே நாள் வீட்டின் வடக்குப் பக்கம் போய்ப் பாருங்கள், வேலியடியில் ஸ்நோ இறுகிக் கிடக்கும். முழு வளவும் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அந்தப் பக்கம்தான் சொல்லும்.

மரங்களே இதில் ஏமாறும். 2012 மார்ச்சில் தென் ஒன்ராறியோவில் வெப்பம் 20 பாகையைத் தாண்ட, ஆப்பிள் மரங்கள் நேரத்துக்கு முன்பே மொட்டு விட்டன. ஏப்ரல் உறைபனி வந்து அந்த வருட விளைச்சலில் பெரும்பகுதியைக் கொண்டுபோனது.

ரொபினைக் கண்டதும் துள்ளுவது

ரொபின் குருவியைக் கண்டால் வசந்தம் வந்துவிட்டது என்று நினைக்கிறோம். ஆனால் குளிர்காலம் முழுக்க இங்கேயே பழம் தின்றுகொண்டு நிற்கிற ரொபின்கள் உண்டு. அதற்குப் பதிலாக ரெட்விங் பிளாக்பேர்ட் என்ற பறவையைத் தேடுங்கள். ஆண் பறவைகள் மார்ச்சில் சதுப்புப் பக்கம் வந்திறங்கும். கறுப்பு உடம்பு, தோளில் சிவப்பு.

செத்துவிட்டது என்று முடிவுகட்டுவது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிற பிழை இது. செவ்வரத்தை மாதிரிப் பூக்கிறதென்று ஆசையாக வாங்கி முன்வளவில் வைக்கிறோமே ரோஸ் ஒஃப் ஷாரன் (அதுவும் செவ்வரத்தை இனம்தான்), இங்கே கடைசியாக விழிக்கிற செடிகளில் அது ஒன்று. லைலாக் மொட்டு வீங்கும், ஃபோர்சித்தியா மஞ்சளாகச் சொரியும், மேப்பிள் இலை விரிக்கும்; இது மட்டும் சாம்பல் நிறக் குச்சியாக நிற்கும். மே கடைசியில் துளிர்க்கும், குளிர் நீண்டால் ஜூனுக்கும் இழுபடும்.

போன வருடம் மே முதல் கிழமை, தெரிந்த அண்ணை ஒருவர் வீட்டுக்குப் போனேன். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த மரம் வேரோடு கிளப்பப்பட்டு ட்ரைவ்வேயில் கிடந்தது. “செத்துப்போச்சு தம்பி. ஒரு மாசமாப் பாக்கிறன், ஒரு துளிரும் இல்லை” என்றார். கொப்பொன்றை நகத்தால் சுரண்டிக் காட்டினேன். சாம்பல் தோலுக்குக் கீழே நல்ல பச்சை, நகக்கண்ணில் ஈரம். மனிசன் ஒன்றும் பேசவில்லை. வேரில் பாதிக்கு மேல் மண்வெட்டியில் அறுந்துபோயிருந்ததால் திரும்ப நட்டும் பிழைக்கவில்லை. அந்த இடத்தில் இப்போது காசு கொடுத்து வாங்கிய முழங்கால் உயரக் கன்று ஒன்று நிற்கிறது. இந்த ஏப்ரலில் அவர் எடுத்த முதல் போனே, “இதுவும் செத்துப்போச்சோ?”

ஆகவே கத்தரிக்கு முன் நகம். சுரண்டிய இடம் பச்சையென்றால் உயிர் இருக்கிறது. மண்ணிறமாக உலர்ந்திருந்தால் அந்த இடம் மட்டும்தான் போயிருக்கிறது. ஒரு சாண் கீழே இறங்கித் திரும்பச் சுரண்டுங்கள். அடிவரை பச்சை இல்லாவிட்டாலும் ஜூன் நடுப்பகுதி வரை விட்டுவைப்பேன், அடியிலிருந்து வெடித்து வருவதுண்டு.

ஹைட்ரேஞ்சியாவிலும் இதே அநியாயம். நீலமாகவும் பிங்காகவும் உருண்டையாகப் பூக்கிற வகை, இந்த வருடப் பூவுக்கான மொட்டைப் போன கோடை முடிவிலேயே குச்சியில் கட்டி வைத்திருக்கும். நுனியில் ஒன்று, அதற்குக் கீழே எதிரெதிராக இரண்டிரண்டு. “வளவைத் துப்புரவாக்குகிறோம்” என்று மார்ச்சில் அதை அடியோடு வெட்டினால் கோடை முழுக்க இலை மட்டும்தான். பிறகு உரம் சரியில்லை என்று கடைக்காரனோடு சண்டை! கூம்பு வடிவில் பூக்கிற வகை புதுத்தளிரில் பூக்கும், அதை மார்ச்சில் தாராளமாக வெட்டலாம். லைலாக், ஃபோர்சித்தியா இரண்டுக்கும் பூத்து முடிந்த பிறகுதான் கத்தரி.

டியூலிப் முளைக்குப் போர்வை போர்த்துவது

வேண்டாம். இலையில் ஸ்நோ விழுந்தாலும் தாங்கும்.

ஈரமண்ணில் இறங்குவது

இந்தப் பக்கம் அநேக வளவுகளில் களிமண். உருகிய தண்ணீர் வடியுமுன் மொட்டுப் பார்க்கவென்று பாத்திக்குள் இறங்கினால், மிதித்த இடம் இறுகி வேருக்குக் காற்றுப் போகாது. ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் இறுக்கிப் பெருவிரலால் தட்டுங்கள். உதிர்ந்தால் இறங்கலாம். கொழுக்கட்டை மாதிரி அப்படியே இருந்தால் நடைபாதையில் நின்றே பாருங்கள்.

போன இலையுதிர்காலச் சருகை வாருவது

பகல் வெப்பம் தொடர்ந்து 10 பாகையைத் தாண்டட்டும். சருகுக்குள் பூச்சிகள் தூங்குகின்றன.

கறிவேப்பிலைச் சாடியை வெளியே தூக்குவது

விக்டோரியா டேக்கு (மே 25க்கு முந்திய திங்கள்) முன் கூடாது. அதற்குப் பிறகும் இரவு 10 பாகைக்குக் கீழே போகும் என்றால் உள்ளே தூக்கி வையுங்கள்.