நாய் உள்ள வீட்டுத் தோட்டத்துக்குச் செயற்கைப் புல்: பார்த்து வாங்குவது எப்படி?

மழைக்காலத்தில் தோட்டத்துச் சேறு நாலு கால்களோடு ஹாலுக்கு வந்துவிடுகிறது. வெயில் காலத்தில் நாய் சிறுநீர் கழித்த இடமெல்லாம் புல் கருகி, மஞ்சள் வட்டங்களாக நிற்கிறது. நாயின் சிறுநீரில் இருக்கும் அதிகப்படி நைட்ரஜன்தான் காரணம். கொரியன் புல், அருகம்புல் எது போட்டாலும் தினமும் ஒரே இடத்தில் போகும் நாய்க்கு முன்னால் தாங்காது. சரி, செயற்கைப் புல் போட்டுவிடலாம் என்று அப்போதுதான் கடைக்குப் போகிறோம்.

கடையில் ரோலை விரித்து, மேல் பக்கத்தைத் தடவிப் பார்க்கச் சொல்வார்கள். மெத்து மெத்தென்று இருக்கும். நாய் வளர்ப்பவர்கள் அதில் மயங்க வேண்டாம். ரோலைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். சிறுநீர் எவ்வளவு சீக்கிரம் கீழே இறங்கி வெளியேறுகிறது என்பதுதான் நமக்கு முதல் கேள்வி. நிறம், மென்மை எல்லாம் அதற்குப் பிறகு.

படி 1: கடைக்குப் போகும் முன் இடத்தைப் பாருங்கள்

மதியம் பன்னிரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் போய் நின்று பாருங்கள். எங்கே நிழல், எங்கே நேர் வெயில் என்று குறித்துக்கொள்ளுங்கள். நம் ஊர் கோடையில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும். உயிருள்ள புல் நீராவியை வெளிவிட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும், பிளாஸ்டிக்கால் அது முடியாது. தண்ணீர் தெளித்தால் கொஞ்ச நேரம் குளிரும், அப்புறம் பழைய நிலைதான். நாயின் பாதம் அந்தச் சூட்டில் வெந்துவிடும்.

அதனால் மரநிழலோ ஷேட் நெட்டோ இல்லாத இடத்தில் முழுக்கப் போடாதீர்கள் என்பதே என் கருத்து. மொட்டை மாடியில் போடுவதாக இருந்தால் முதல் செலவு ஷேட் நெட்டுக்கு, அடுத்துதான் புல்லுக்கு. பெரிய கண்ணாடி ஜன்னலில் பட்டுத் திரும்பும் வெயில் ஓரிடத்தில் குவிந்தால் இழை உருகிச் சுருண்டுவிடும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடம் பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் கொஞ்சம் மண்ணும் அருகம்புல்லும் விட்டுவையுங்கள். நாய்க்குத் தோண்டவும் வேண்டும், அவ்வப்போது புல் மெல்லவும் வேண்டும்.

படி 2: இழையும் உயரமும்

இழை மூன்று வகை: பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன், நைலான். நமக்கு வேண்டியது பாலிஎத்திலீன். பாலிபுரோப்பிலீன் மலிவு, ஆனால் மிதி பட்டால் சீக்கிரம் படுத்துவிடும். நைலான் உறுதியானது, ஆனால் மற்ற இரண்டைவிட ஈரத்தை அதிகம் உறிஞ்சும். நாய் வீட்டில் ஈரம் என்றால் நாற்றம்.

உயரம் 25 முதல் 35 மி.மீ. போதும். "50 மி.மீ. போடுங்க சார், ரிச்சா இருக்கும்" என்பார்கள். அந்த உயரத்தில் மலம் இழைகளுக்குள் புதைந்துவிடும், அள்ளவே முடியாது.

நாய் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கும் பிராணி. ஆகவே ஈயம் முதலான கன உலோகங்கள் இல்லை என்பதற்கான பரிசோதனைச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். 2008-இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் பழைய நைலான் விளையாட்டுத் திடல்களின் இழையில் ஈயம் இருப்பது தெரிந்து சில திடல்களை மூடினார்கள். அதனால் சான்று காட்டாத மலிவுச் சரக்கை நான் தொடமாட்டேன்.

படி 3: அடிப்பக்கம்

பெரும்பாலான ரோல்களின் அடியில் கறுப்பாக லேடெக்ஸ் பூச்சு இருக்கும், சில அங்குல இடைவெளிவிட்டு ஓட்டை போட்டிருப்பார்கள். மழைத் தண்ணீருக்கு இது போதும். சிறுநீர் அப்படி இல்லை. கொஞ்சமாக விழும், ஓட்டைக்கு ஓட்டை நடுவில் விழுந்தால் அங்கேயே தங்கும். பாக்டீரியா அதிலுள்ள யூரியாவை அம்மோனியாவாக மாற்றும். மூக்கைத் துளைக்கும் அந்த நெடி அதுதான்.

ஓட்டைகள் இல்லாமல் அடிப்பரப்பு முழுவதும் நீர் இறங்கும்படி தயாரான வகையும் கிடைக்கிறது. விலை கூடுதல், ஆனால் காசு போட வேண்டிய இடம் இதுதான். வெயிலான பகுதிக்கு மலிவு ரகமே போடாமல் விட்டுவிட்டு, அந்தப் பணத்தில் சின்ன இடத்துக்கு இதை வாங்குங்கள்.

படி 4: சாம்பிள் துண்டைச் சோதியுங்கள்

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டாதீர்கள். ஓர் அடிக்கு ஓர் அடி துண்டு கேளுங்கள், காசு கொடுத்தாவது வாங்கிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு செங்கல்லுக்கு நடுவே பாலம் மாதிரி வைத்து, ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். ஊற்றிய இடத்துக்கு நேர் கீழேயே சொட்டினால் நல்லது. பக்கவாட்டில் ஓடி ஓரத்தில் வழிந்தால் வேண்டாம்.

அடுத்து, சில இழைகளைச் சேர்த்துப் பிடித்து நன்றாக இழுங்கள். நாயின் நகம் செய்யப்போவது இதைத்தான். கொத்தாகக் கையோடு வந்தால் அந்த ரகம் ஒரு வருடம்கூடத் தாங்குவது சந்தேகம். துண்டை அடிப்பக்கமாக மடித்து மேலே பாருங்கள். தையல் வரிசைகளுக்கு நடுவே கறுப்புப் பரப்பு அகலமாகத் தெரிந்தால் இழை அடர்த்தி குறைவு என்று அர்த்தம்.

அப்புறம் அதை நண்பகல் வெயிலில் ஒரு மணி நேரம் கிடத்துங்கள். புறங்கையை அழுத்தி ஏழு வினாடி வைக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் நாயும் அந்த நேரத்தில் அங்கே நடக்கக் கூடாது.

கடைசியாக, துண்டை நாய் வழக்கமாகப் போகும் இடத்தில் போட்டுவிடுங்கள். அது சிறுநீர் கழித்த பிறகு இரண்டு நாள் அப்படியே விட்டு, பிறகு தண்ணீர் விட்டு அலசி மோந்து பாருங்கள். நெடி போகவில்லை என்றால் வேறு ரகம் தேடுங்கள். கூடவே இன்னொன்றும் தெரிந்துவிடும்: உங்கள் நாய் அதைக் கடிக்கிறதா என்று. பல் முளைக்கும் குட்டி இழையைப் பிய்த்து விழுங்கினால் குடலில் சிக்கிக்கொள்ளும். அப்படிக் கடிக்கும் குட்டி இருந்தால் அது வளரும்வரை வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

படி 5: இழைக்கு நடுவே என்ன தூவுவது?

இழை நிமிர்ந்து நிற்க நடுவே ஏதாவது தூவுவது வழக்கம். ரப்பர் தூள் வேண்டவே வேண்டாம், சூடேறும், நாய் தின்னும். மணல் சிறுநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஸியோலைட் குருணை நல்லது. இறால் பண்ணைக் குளங்களில் அம்மோனியாவைக் குறைக்கப் போடுவார்களே, அதே கனிமம்தான். தூளாக இல்லாமல் குருணையாக வாங்குங்கள். அதுவும் ஓரளவுக்கு மேல் அம்மோனியாவைப் பிடிக்க முடியாமல் நிரம்பிவிடும். நெடி திரும்ப வந்தால் புதிதாகத் தூவ வேண்டும்.

படி 6: அடித்தளம்

மண் தரை என்றால் மூன்று நாலு அங்குலம் தோண்டி, முக்கால் அங்குல ஜல்லி போட்டு, மேலே கால் அங்குல ஜல்லி பரப்பித் திமிசு போட்டு இறுக்குங்கள். வழக்கமாகக் கிரஷர் தூளைப் போட்டு இறுக்குவார்கள். நாய் வீட்டில் அது இறுகிச் சிறுநீரைத் தேக்கும் என்று மேஸ்திரியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அடியில் ஸ்பாஞ்சு விரிப்பும் கூடாது.

மாடி என்றால் தண்ணீர் ஊற்றி அது குழாயை நோக்கி ஓடுகிறதா என்று பாருங்கள். தேங்கினால் வாட்டத்தைச் சரிசெய்துவிட்டு மேலே போங்கள். தரையோடு முழுக்க ஒட்டாமல், வடிகால் பிளாஸ்டிக் தட்டு விரித்து அதன் மேல் புல்லைப் போட்டால் தூக்கிக் கழுவலாம். ஓரங்களை மட்டும் நாய் கிளப்ப முடியாதபடி இறுக்குங்கள். ரோல் பெரும்பாலும் இரண்டு மீட்டர் அகலம், ஏறக்குறைய ஆறரை அடி. அதற்கேற்ப அளந்து, இணைப்பு வரும் இடம் நாய் ஒதுங்கும் மூலையில் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: போட்ட பிறகு

மலத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள். சிறுநீர் இடத்தைக் கோடையில் தினமும் தண்ணீர் விட்டு அலசுங்கள். வாரம் ஒருமுறை, சிறுநீர் நெடியைச் சிதைக்கும் என்சைம் கிளீனர் போட்டால் போதும். பிளீச்சிங் பவுடர் மட்டும் போடவே கூடாது. சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்தால் மூச்சை அடைக்கும் நச்சு வாயு வரும். ஃபினாயிலும் வேண்டாம், பாதம் வழியாக நாயின் வாய்க்குப் போய்விடும்.

"இது போட்டா உண்ணி வராது" என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். நம் ஊர் நாய்களில் அதிகம் காணும் பழுப்பு உண்ணி முட்டையிடுவது சுவர் விரிசலிலும் இடுக்கிலும்தான். புல் விரிப்பின் ஓரமும் அதற்கு ஓர் இடுக்குதான். மாதம் ஒருமுறை ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். உண்ணி மருந்தையும் நிறுத்தாதீர்கள்.

தீபாவளிக்கு மத்தாப்பு, புஸ்வாணம் எல்லாம் வேறு பக்கம் கொளுத்துங்கள். ஒரு பொறி விழுந்தாலே இழை உருகிக் கட்டியாகிவிடும். வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளை ஆட்கள் எடுத்துப் போகும் முன் வாங்கி நிழலில் சுருட்டி வையுங்கள். பின்னால் ஒட்டுப்போட அதே நிறம் கடையில் கிடைப்பது கஷ்டம்.