சேர்ந்து குடியிருக்கும் வீட்டில் சுண்டெலி: நான் செய்த தவறுகளும் இன்றும் செய்யப்படுபவையும்

சென்ற மாதம், எங்கள் மேல்மாடிக்குப் புதிதாகக் குடிவந்த நான்கு இளைஞர்களுக்குக் கேஸ் சிலிண்டரில் ரெகுலேட்டர் பூட்டிக் கொடுக்கப் போயிருந்தேன். அடுப்பு மேடையில், உப்புச் சாடிக்குப் பக்கத்தில், ஓர் எவர்சில்வர் தட்டில் இரண்டு மசால் வடைகள் இருந்தன. எலிக்கு மருந்து தடவி வைத்திருப்பதாக ஒருவர் சொன்னார். மற்றவர்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். இருவருக்குத் தெரியுமாம், இரவுப் பணி முடித்து விடியற்காலை மூன்று மணிக்குப் பசியோடு திரும்புகிற நான்காமவருக்கு இன்னும் சொல்லவில்லையாம். தட்டோடு அதை அப்புறப்படுத்த வைத்துவிட்டுத்தான் கீழே இறங்கினேன். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சென்னையில் பிறரோடு சேர்ந்தே வீடெடுத்துத் தங்கி வருகிற நானும் ஏறக்குறைய இதையே ஒருமுறை செய்தவன். பாத்திரத்தை மூடி வைப்பது, குப்பையை இரவே வெளியேற்றுவது போன்றவை எல்லோரும் அறிந்தவை. அவற்றை இங்கே எழுதவில்லை.

வந்திருப்பது எது என்று பார்க்காமல் இறங்குவது

சுண்டெலியின் புழுக்கை அரிசி மணியளவுகூட இராது. பெரிய எலியினுடையது அரை அங்குல நீளம் இருக்கும். பெரிய எலி புதிதாக வைத்த எந்தப் பொருளையும் சில நாள்களுக்கு நெருங்காது. சுண்டெலியோ முதல் இரவே வந்து முகர்ந்து பார்க்கும். ஆகவே சுண்டெலிக்கு வைத்த பொறியில் இரண்டு இரவுகள் எதுவும் விழவில்லை என்றால், வைத்த இடம் தவறு என்று கொண்டு மாற்றி வையுங்கள். நீண்ட மூக்கும் கீச்சொலியுமாகச் சுவரோரம் ஓடுவது மூஞ்சூறு. அது கரப்பான் தின்று பிழைப்பது, போக விடலாம்.

யாரிடமும் சொல்லாமல் மருந்து வைப்பது

திருவல்லிக்கேணியில் ஒரு பழைய வீட்டின் மாடியில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். என் சட்டையைச் சுண்டெலி கடித்துவிட்ட கோபத்தில், புரோமடியோலோன் கலந்த மருந்துக்கட்டி வாங்கிவந்து அலமாரிக்கு அடியில் வைத்தேன். தின்ற எலி தண்ணீர் தேடி வெளியே ஓடிச் செத்துவிடும் என்று கடைக்காரர் சொன்னதை அப்படியே நம்பினேன். அது பொய். அந்த மருந்து இரத்தம் உறைவதைத் தடுத்து, மூன்று முதல் ஐந்து நாள்களில் மெல்லக் கொல்வது. தளர்ந்துபோன எலி வெளியே ஓடுவதில்லை, கதகதப்பான மறைவிடம் பார்த்து ஒடுங்கிக்கொள்ளும்.

ஆறாம் நாள் நாற்றம் தொடங்கியது. சிறிது நேரம் வரும், பிறகு இராது. மருந்து வைத்ததே எனக்கு மறந்துபோயிருந்தது, மற்றவர்களுக்கோ தெரியவே தெரியாது. சாக்கடை அடைப்பு என்று பிளம்பரை அழைத்து அறுநூறு ரூபாய் கொடுத்தோம். பிறகு சந்தேகம், தூத்துக்குடியிலிருந்து ஒரு நண்பருக்கு அவருடைய அம்மா கொடுத்தனுப்பிய கருவாட்டின்மேல் விழுந்தது; அவர் எவ்வளவோ சொல்லியும் கேளாமல் பொட்டலத்தோடு எறிந்தோம். எட்டாம் நாள்தான், ஃபிரிட்ஜ் மோட்டார் ஓடுகிறபோது மட்டும் நாற்றம் எழுவதை ஒருவர் கவனித்தார். பெட்டியை இழுத்துப் பார்த்தால், பின்புறம் மோட்டாருக்கு மேலிருக்கும் தண்ணீர்த் தட்டில், அரை அங்குலக் கலங்கல் நீரில், சுண்டெலி வயிறு உப்பிக் கிடந்தது. மோட்டாரின் சூட்டில் நாள்கணக்கில் வெந்த தண்ணீர் அது. தட்டைக் கழற்றிக் கழுவியவன் நான். உண்மையைச் சொன்னவனும் நானே. கருவாட்டுக்காரர் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. இன்றும் அந்தக் கருவாட்டை நினைத்தால் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

எங்களுக்கு நாற்றத்தோடு போயிற்று. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசை மருந்தை மனிதர் தெரியாமல் தின்றுவிட்டால், முதல் ஓரிரு நாள் ஒன்றுமில்லாததுபோல் இருந்துவிட்டுப் பிறகு கல்லீரல் செயலிழக்கும்; அதற்கு முறிமருந்து கிடையாது, தமிழ்நாடு அரசு அதைத் தடையும் செய்திருக்கிறது. துத்தநாக பாஸ்பைடு ஈரம் பட்டாலே நச்சுவாயுவை வெளிவிடுவது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டுக்குள் எலி மருந்து வைக்கப்பட்டதைத் தொடர்ந்து இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். ஒருவர் வைப்பதை மற்றவர் அறியாத வீட்டில் மருந்தே வேண்டாம் என்பது என் முடிவு. வைத்தே தீருவேன் என்பவர்கள், எந்த இடத்தில், எந்தத் தேதியில், எத்தனை கட்டி என்று எல்லோர் கண்ணிலும் படுகிற நாள்காட்டியில் எழுதி வையுங்கள். சமையலறையில் வைக்காதீர்கள், தின்பண்டத்தில் ஒருபோதும் தடவாதீர்கள். எவரேனும் தின்றிருக்கலாம் என்ற ஐயம் வந்தாலே, மருந்தின் உறையோடு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

அவரவர் அறையை மட்டும் காப்பது

கதவிடுக்கில் துணியைத் திணித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சுண்டெலி தன் வளையிலிருந்து பத்து மீட்டருக்குள்தான் பெரும்பாலும் நடமாடும். இரண்டு படுக்கையறை வீடு முழுவதும் அதற்கு ஒரே அறைதான். ஒரு பென்சில் நுழையும் இடைவெளி அதற்குப் போதும். துணியையும் செய்தித்தாளையும் அது கடித்துக் கூட்டுக்கு எடுத்துப்போகும். சந்தேகப்படும் இடங்களில் இரவு முகப்பவுடரை மெல்லியதாகத் தூவிவிட்டுக் காலையில் கால்தடம் பாருங்கள். பெரும்பாலும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் குழாய் சுவருக்குள் போகும் இடத்திலோ, ஏசி குழாய்த் துளையிலோ தெரியும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை அதில் இறுகத் திணித்து, மேலே சிமெண்ட் பூசுங்கள். வீட்டு உரிமையாளர் ஆள் அனுப்புவார் என்று காத்திருந்த வீடுகளில் எலிதான் நீடித்தது. கர்ப்பகாலம் மூன்று வாரமே ஆகும் பிராணி அது.

பொறியை அறையின் நடுவில் வைப்பது

சுண்டெலி மீசையால் சுவரைத் தொட்டுக்கொண்டே ஓடுவது. கம்பி அடித்துக் கொல்லும் பொறியைச் சுவருக்குக் குறுக்காக, இரை வைத்த முனை சுவரைத் தொடும்படி வையுங்கள். ஒன்று போதாது, இரண்டு மீட்டருக்கு ஒன்றாக நான்கைந்து வேண்டும். முழு வடை வைத்தால் ஓரத்தைக் கொறித்துவிட்டுப் போய்விடும். சுட்ட தேங்காய்ச் சில்லைப் பட்டாணியளவு கிள்ளி நூலால் கட்டிவிட்டால், இழுத்தே ஆக வேண்டும். தினமும் காலையில் பார்ப்பது யார் முறை என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்குப் போய்த் திரும்பியபோது எங்கள் பொறியில் என்ன இருந்தது என்பதை விவரிக்கப் போவதில்லை.

பிடித்ததை அடுத்த தெருவில் விடுவது

அங்கேயும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

பசை அட்டை

வேண்டாம். இந்திய விலங்கு நல வாரியமே இதற்கு எதிராக அறிவுறுத்தியிருக்கிறது. அது போக, நள்ளிரவில் அட்டையில் ஒட்டிக்கொண்டு கத்தும் எலியை எடுக்க ஐந்து பேரில் ஒருவர்கூட எழுந்து வரமாட்டார்.

பிளக்கில் செருகும் ஒலிக் கருவி

காசுக்குக் கேடு.

புழுக்கையை அப்படியே பெருக்குவது

காய்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் தள்ளினால் தூசியாகி மூக்கில் ஏறும்; எலியின் சிறுநீரிலிருந்து எலிக்காய்ச்சல் வரும் வாய்ப்பும் உண்டு. கையுறை அணிந்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைத் தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் தாளால் துடைத்தெடுங்கள். அலமாரி முழுக்கப் பெருக்கிய அதே துடைப்பத்தால் அடுப்பு மேடையையும் தட்டிவிடுகிறவர்களோடு நான் ஒரே வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன்.