லாகோஸில் ப்ரீபெய்டு மீட்டர் டோக்கனை ஏற்காதபோது

நைஜீரியாவில் மின்சாரத்துக்கு முன்பணம் கட்டினால் 20 இலக்க டோக்கன் வரும். என் மீட்டர் அதைத் திரும்பத் திரும்ப நிராகரித்தது, எண்ணில் பிழையில்லை. டோக்கனுக்குள் 1993 தொடக்கத்திலிருந்து எண்ணப்படும் நிமிடக் கணக்கு ஒன்று இருக்கிறது. அதற்கு ஒதுக்கிய இடம் 2024 நவம்பர் 24-இல் நிரம்பிவிட்டது. மீட்டருக்குள் இருக்கும் ரகசியச் சாவியை (டோக்கனைச் சரிபார்க்கும் குறியீடு) மாற்றினால்தான் புது டோக்கன் ஏறும்.

மின்விநியோக நிறுவனத்திடம் மீட்டர் எண்ணைக் கொடுத்து, சாவி மாற்றும் டோக்கன்கள் இரண்டைக் கேட்டு வாங்கினேன். முதலாவதை அடித்து என்டர்; மீட்டர் ஏற்றதும் இரண்டாவது; அப்புறம்தான் காசு கொடுத்து வாங்கியது. இந்த வரிசையை மாற்றாதீர்கள். பழைய டோக்கன் கையில் இருந்தால் சாவி மாற்றும் முன்பே ஏற்றிவிடுங்கள், பிறகு செல்லாது.

மீட்டர் கம்பத்திலும் விசைப்பலகை வீட்டுக்குள்ளும் இருந்தால் முதலில் விசைப்பலகையின் பேட்டரியைப் பாருங்கள். அது தீர்ந்திருந்தால் அடித்த எண் மீட்டருக்குப் போய்ச் சேராமல் போகலாம்.