கொங்கு என்னும் பெயரின் வேரைத் தேடும் முறை

கொங்கு என்ற பெயர் எப்படி வந்தது என்று ஈரோட்டிலோ பொள்ளாச்சியிலோ கேட்டால், தேனும் பூந்தாதும் மிகுந்த நாடு என்பதால் வந்தது என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். அதை உடனே ஏற்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். முதலில் அந்தச் சொல் வரும் பழைய இடங்களைத் தொகுத்து, ஒவ்வோரிடத்திலும் அது எதைக் குறிக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

குறுந்தொகையின் 2ஆம் பாட்டில் 'கொங்குதேர் வாழ்க்கை' என வருவது பூந்தாதைக் குறிக்கும் பொதுச்சொல். பதிற்றுப்பத்தின் 22ஆம் பாட்டில் வரும் 'ஆகெழு கொங்கர்' மக்கட்பெயர். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் தேன், நாடு ஆகிய இரு பொருளும் இருக்கின்றன என்பதற்காக இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

அடுத்துச் சூழலைப் பாருங்கள். என் கணிப்பில் அதிகம் சொல்வது இதுதான். அகநானூற்றின் 79ஆம் பாட்டில், கல்லை உடைத்துத் தோண்டிய உவர்நீர்க் கிணற்றை நோக்கிக் கொங்கரின் மாட்டு மந்தை விரைகிறது. அது கிளப்பும் செம்மண் புழுதி வானளாவ நிற்கிறது. காங்கேயம் பக்கத்து மேட்டுக்காடுகளை அறிந்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதன்று. பதிற்றுப்பத்தும் இம்மக்களை ஆநிரையோடுதான் சேர்த்துச் சொல்கிறது. இவ்விரு பாட்டிலும் கொங்கரைத் தேனோடு இணைக்கும் சொல் ஒன்றும் இல்லை.

பிறகு சொல்லின் அமைப்பைச் சோதியுங்கள். வடுகு என்பதிலிருந்து வடுகர் என்று அமைவதுபோலக் கொங்கு என்பதிலிருந்து கொங்கர் அமைகிறது. ஆகவே நாம் வேர் தேட வேண்டியது கொங்கு என்ற அடிச்சொல்லுக்கே.

மாற்று விளக்கங்களையும் இதே கண்டிப்போடு நிறுத்துப் பாருங்கள். கருநாடகப் பகுதியை ஆண்ட கங்க மன்னர்களின் பெயரே கொங்கு எனத் திரிந்தது என்பார் உண்டு. ஆனால் சிலப்பதிகாரம் ஓரிடத்தில் கங்கரையும், வேறோரிடத்தில் 'குடகக் கொங்கர்' என்று கொங்கரையும் தனித்தனியே பெயர் சொல்கிறது. ஒரே நூல் இரண்டையும் பிரித்து வழங்கும்போது அந்தத் திரிபை நம்புவது கடினம். கன்னடத்தில் கொங்கு என்பது வளைவு, கோணல் என்ற பொருளில் வழங்குகிறது. அதை மலைகள் வளைந்து சூழ்ந்த நிலத்தோடு பொருத்தலாம் என்றாலும், பழைய பாட்டோ கல்வெட்டோ துணைநிற்கும் வரை அதைக் கருதுகோள் என்றே எழுதுங்கள். தேன் விளக்கத்தை மக்கள் வழக்கு என்ற தலைப்பில், எந்த ஊரில் கேட்டது என்ற குறிப்போடு தனியே பதிவு செய்யுங்கள்.