மழைக்கால கார் வேலை: போர்ட்டிக்கோ பட்டறையில் கருவிகளுக்குக் கதகதப்பு கொடுப்பது எப்படி?

கனடாவின் டொராண்டோவில் இருக்கும் என் மாமா மகன் நவம்பர் பிறந்தால் தொலைபேசியில் பொருமத் தொடங்கிவிடுவான். "உனக்கென்ன, சிங்கப்பூரில் குளிரே கிடையாது. ஹீட்டர் இல்லாமலே கார் வேலை பார்க்கிறாய்" என்பான். உண்மைதான். அவனுக்கு விரல் விறைக்கும், எனக்கு விறைக்காது. இங்கே "என்ன குளிர்!" என்று எல்லாரும் வியந்த 2018 ஜனவரியில்கூட வெப்பநிலை 21 டிகிரியை ஒட்டித்தான் இறங்கியது.

ஆனால் சென்ற டிசம்பரில் இரண்டு வாரம் தொடாமல் விட்ட வைஸை, அதாவது பொருளை இறுக்கிப் பிடிக்கும் இரும்புக் கவ்வியை, திறக்கப் போனேன். தாடை முழுக்க மஞ்சள்தூளைத் தூவி விட்டது போலத் துரு. சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்படுவதற்கு முன் அங்கே பேரம் பேசி வாங்கிய வைஸ் அது. என்னைவிட வயதில் மூத்தது. இத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்தது என் கைக்கு வந்தா கெட வேண்டும்?

மாமா மகனிடம் சொன்னபோது, தன் கருவிகளும் துருப்பிடிப்பதாக அவனும் மெல்ல ஒப்புக்கொண்டான். கராஜைச் சூடாக்க அவன் புகைப்போக்கி இல்லாத மண்ணெண்ணெய் ஹீட்டர் வைத்திருந்தானாம். ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகக் காற்றில் கலக்கும். அந்த ஆவி, சில்லிட்டுக் கிடக்கும் இரும்பைத் தேடிப் போய்ப் படியும். ஆக, பனிக்கட்டிக்கு நடுவே இருக்கும் அவனுடைய ஸ்பேனரும், பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் என்னுடைய ஸ்பேனரும் ஒரே நோயில்தான் படுத்திருக்கின்றன. நம் ஊரில் கதகதப்பு தேவைப்படுவது நமக்கல்ல, கருவிகளுக்கு. அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

நான் இருப்பது ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. அடுக்குமாடிக் கார்நிறுத்துமிடத்தில் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார முடியாது. அதனால் சனிக்கிழமைகளில் சிராங்கூன் கார்டனில் இருக்கும் அக்கா வீட்டுப் போர்ட்டிக்கோதான் என் பட்டறை. கார் அத்தானுடையது, வேலை என்னுடையது. பள்ளி விடுமுறையும் வடகிழக்குப் பருவமழையும் டிசம்பரில் சேர்ந்தே வருவதால், நேரம் கிடைக்கும் மாதமும் ஈரம் மிகுந்த மாதமும் ஒன்றாகிவிடுகின்றன.

முதல் படி: அளந்து பாருங்கள்

ஈரப்பதமானி இரண்டு வாங்குங்கள். சிம் லிம் டவரிலும் முஸ்தபாவிலும் சிறிய மின்னணு வகை கிடைக்கும். ஒன்று போர்ட்டிக்கோவுக்கு, மற்றொன்று கருவி அலமாரிக்கு. விலை மலிவான மானிகள் பொய் சொல்லும். எவ்வளவு பொய் என்று சமையலறை உப்பை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு பாட்டில் மூடியில் உப்பை நிரப்பி, சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரையக் கூடாது, ஈர மணல் போல இருக்க வேண்டும். மூடியையும் மானியையும் ஜிப் உள்ள பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, காற்றுப் புகாமல் மூடி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். பைக்குள் ஈரப்பதம் 75 விழுக்காட்டில் வந்து நிற்கும். அது உப்பின் இயல்பு. என் மானி 69 காட்டியது. அதன் முதுகில் மார்க்கர் பேனாவால் "+6" என்று எழுதிவிட்டேன். இன்றுவரை அந்தக் கணக்குதான்.

விடியற்காலையிலும் பிற்பகல் மூன்று மணிக்கும் ஒரு வாரம் குறித்துவாருங்கள். சிங்கப்பூரில் சூரியன் எழுவதற்கு முன் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60 வரை இறங்கும். விடாமல் மழை கொட்டும் நாளில் 100-ஐத் தொடும். இரும்பு துருப்பிடிக்கும் வேகம் 60 விழுக்காட்டுக்கு மேல் போகப்போகக் கூடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இரவு முழுவதும் உங்கள் சாக்கெட் செட் (நட்டு கழற்றும் குழல் கருவிகள்) என்ன பாடுபடுகிறது என்பது புரியும்.

இரண்டாம் படி: தரையையும் சாரலையும் கவனியுங்கள்

இது எளிது. சாரல் அடிக்கும் பக்கம் மழைத்திரை தொங்கவிடுங்கள். ஜாக், ஜாக் ஸ்டாண்டு எதையும் சிமென்ட் தரையில் நேராக வைக்காதீர்கள். சிமென்ட் ஈரத்தை உறிஞ்சி மேலே அனுப்பும். பழைய மரப்பலகை போதும். வைஸ் போன்ற கனமான பொருளைப் பிளாஸ்டிக் உறையால் போர்த்தினால், உள்ளே அகப்பட்ட ஈரம் வெளியேற வழி தெரியாமல் அங்கேயே குடியிருக்கும். பருத்தித் துணி போர்த்துங்கள்.

மூன்றாம் படி: சிறிய இடத்தைச் சூடாக்குங்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் செய்யும் பெரிய செலவு, போர்ட்டிக்கோவையே உலர்த்த முயல்வது. மூன்று பக்கம் திறந்த இடத்தில் ஈரப்பதம் நீக்கும் இயந்திரம் வைப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சேந்துவது போலத்தான். உலர்த்த வேண்டியது ஓர் அலமாரி, அவ்வளவே. என்னுடையது, அலுவலகம் ஒன்று கழித்துக் கட்டிய இரண்டு கதவு இரும்பு அலமாரி.

வீட்டில் பியானோ வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். பலர் பியானோவின் அடியில் மெல்லிய சூடேற்றும் தண்டு ஒன்றைப் பொருத்தி, ஆண்டு முழுவதும் எரியவிட்டிருப்பார்கள். தொட்டால் சுடும், ஆனால் தீயாகச் சுடாது. அதே வகைத் தண்டுதான் நமக்கும். 25 வாட் போதும்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தண்டு தண்ணீரை நீக்குவதில்லை. காற்று சூடாகும்போது அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு கூடுகிறது. 25 டிகிரியில் 95 விழுக்காடு ஈரத்துடன் இருக்கும் காற்றை 30 டிகிரிக்குச் சூடாக்கினால், ஈரப்பதம் 71 விழுக்காடு ஆகிவிடும். 32 டிகிரிக்குக் கொண்டுபோனால் 63. உள்ளே இருக்கும் தண்ணீர் அதே தண்ணீர்தான். இரும்பின்மேல் படிய மட்டும் அதற்கு மனம் வராது. ஏழே டிகிரியில் இவ்வளவு மாற்றம்.

செய்ய வேண்டியவை: தண்டை அலமாரியின் அடித்தட்டில் படுக்கைவாட்டில் பொருத்துங்கள். அதற்கு மேலுள்ள தட்டுகள் ஓட்டையில்லாத தகடாக இருந்தால், பின்பக்கமாகச் சூடு ஏறுவதற்கு இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாகச் சிறு துளை இருக்கட்டும். ஈரக்காற்று மெல்ல வெளியேறும். எண்ணெய்த் துணி, பெயின்ட் டின், தின்னர், பிரேக் கிளீனர் கேன் எதுவும் இந்த அலமாரிக்குள் நுழையக் கூடாது. அக்கா ஒருநாள் இடமில்லை என்று கொசுமருந்து கேனை உள்ளே வைத்துவிட்டார். அன்றுமுதல் கதவில் பூட்டு தொங்குகிறது.

தண்டுக்குப் பதிலாகப் பழைய குண்டு பல்பு போட்டால் என்ன என்று அத்தான் கேட்டார். பல்பு உடையும், துணி பட்டால் கருகும். வேண்டாம்.

செலவு? 25 வாட் தண்டு நாள் முழுவதும் எரிந்தால் மாதம் 18 யூனிட். யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்துக்கொண்டால் 5 வெள்ளி 40 காசு. இரண்டு நாள் கழித்து மானியைப் பார்த்தேன்: வெளியே 91, உள்ளே 64.

வீவக வீட்டில் கருவிகளை வைத்திருப்பவர்களுக்கு வேறு வழி. புதிய வீடுகளில் இருக்கும் குண்டு தாங்கும் அறை, நான்கு பக்கமும் கான்கிரீட் சுவர், ஒற்றைக் கதவு. ஈரப்பதம் நீக்கும் இயந்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான அறை கிடைக்காது. கம்ப்ரஸர் வகையே வாங்குங்கள். நம் வெப்பத்தில் அது நன்றாக உழைக்கும். ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: சூடேற்றும் தண்டுக்குச் சிறு துளை வேண்டும், இயந்திரத்துக்கும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளுக்கும் இடம் இறுக மூடியிருக்க வேண்டும்.

ஈரம் உறிஞ்சும் டப்பாக்கள் பற்றி ஓர் எச்சரிக்கை. கடைகளில் துணி அலமாரிக்கென்று விற்கும் டப்பாவில் வெள்ளை உருண்டைகள் இருக்கும். சில வாரங்களில் அவை கரைந்து அடியில் தண்ணீர் சேரும். அது வெறும் தண்ணீர் இல்லை, கால்சியம் குளோரைடு கரைசல். உப்புத் தண்ணீரின் பங்காளி. நான் அப்படி ஒன்றைக் கருவிப்பெட்டிக்குள் வைத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறினேன். வளைவில் டப்பா சாய்ந்தது எனக்குத் தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமை பெட்டியைத் திறந்தால் 10 முதல் 19 மி.மீ. வரையான ஸ்பேனர் வரிசை செங்கல் நிறத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. 13-ஐ மட்டும் காப்பாற்ற முடிந்தது. பெட்டிகளுக்குச் சிலிக்கா ஜெல்லே நல்லது. நிறம் மாறியதும் ஓவன் அடுப்பில் 120 டிகிரி அளவில் உலர்த்தினால் மீண்டும் உழைக்கும்.

நான்காம் படி: எண்ணெய்ப் பூச்சு

வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிய மெஷின் எண்ணெய் பூசிவிட்டு வையுங்கள். நம் கைவியர்வையில் உப்பு இருக்கிறது. துடைக்காமல் வைத்த சாக்கெட்டில் கட்டைவிரல் ரேகை துருவாகவே பதிந்துவிடும். என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது, அடையாள அட்டைக்கே பயன்படும்.

தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள். நாளடைவில் சிக்குப்பிடித்துப் பிசுபிசுக்கும். கருவிப்பெட்டியில் கற்பூரம் போட்டால் துரு வராது என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வதுண்டு. தேக்காவில் ஒரு பாக்கெட் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். பெட்டியைத் திறக்கும்போது கோயில் வாசம் வந்தது, துருவும் வந்தது. சூடேற்றும் அலமாரியில் மறந்தும் கற்பூரம் வைக்காதீர்கள்.

ஐந்தாம் படி: வேலை நாளில்

குளிரூட்டிய அறையிலிருந்து கருவியை எடுத்து நேராக வெளியே கொண்டுவந்தால், காப்பிக்கடையில் ஐஸ் போட்ட மைலோ பிங் கோப்பை வியர்ப்பது போல அதுவும் வியர்க்கும். வெளியே 30 டிகிரி, 80 விழுக்காடு ஈரம் என்றால் 26 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்த இரும்பின்மீதும் நீர் படியும். அத்தான், போல்ட்டை அளவான இறுக்கத்தில் முறுக்கும் தன் டார்க் ரெஞ்சை 24 டிகிரிப் படுக்கையறையில் பத்திரமாக வைத்திருந்தார். அவர் நினைத்த பத்திரம் அது. அப்படி வைத்திருந்தால் பையைத் திறக்காமல் ஒரு மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு எடுங்கள்.

பிரேக் காலிப்பருக்கு (பிரேக் பட்டைகளை அழுத்தும் பாகத்துக்கு) பெயின்ட் அடிப்பதென்றால் மழையில்லாத நாளில் காலை 11 மணிக்குமேல் தொடங்குங்கள். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிரும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அங்கே நீர் படிந்து பெயின்ட் பால்போல வெளுத்துவிடும். காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையான பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதல் சூட்டில் உலோகம் இருக்க வேண்டும் என்பது பெயின்ட் தொழிலில் உள்ள விதி. முதல்நாள் இரவே காலிப்பரைச் சூடான அலமாரிக்குள் வைத்துவிடுங்கள். காலையில் துண்டில் சுற்றி எடுத்துவந்து, சூடு ஆறுவதற்குள் முதல் பூச்சை முடித்துவிடலாம்.

பிரேக் ஆயிலும் ஈரத்தைக் குடிக்கும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. நீர் கலந்தபின் அந்த எல்லை 155-க்கு இறங்கிவிடும். திறந்த டப்பாவை அடுத்த விடுமுறைக்கு என்று வைக்காதீர்கள். பிரேக்கில் இது உங்கள் முதல் வேலை என்றால், சாலையில் இறங்குமுன் அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் பார்த்துவிடட்டும்.

மழை வலுக்கும்போது திரைகளை எல்லாம் இறக்கிவிட்டு இன்ஜினை இயக்கிப் பார்க்கும் ஆசை வரும். கூடாது. இன்ஜின் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. போர்ட்டிக்கோவிலிருந்து வரவேற்பறைக்கு ஒரு கதவுதான் தூரம்.

ஆறாம் படி: மின்சாரமும் கொசுவும்

ஈரத்தரையில் மின்சாரம் என்பதால் மின்கசிவுத் துண்டிப்பான் இல்லாமல் எதையும் செருகாதீர்கள். பழைய வீடுகளும் 2025 ஜூலைக்குள் இதைப் பொருத்தியிருக்க வேண்டும் என்பது விதி. மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். போர்ட்டிக்கோவில் புதிய பிளக் வேண்டுமென்றால் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள்.

ஈரப்பதம் நீக்கும் இயந்திரத்தின் தொட்டியை நாள்தோறும் கொட்டுங்கள். அது பேட்டரிக்கு ஊற்றும் அளவுக்குத் தூய்மையான தண்ணீர் இல்லை, கழிவறையில் ஊற்றலாம். பழைய டயர், கவிழ்க்காத சக்கர மூடி, ஆயில் பிடிக்கும் தட்டு என்று பட்டறையில் தண்ணீர் தேங்க நூறு இடம் உண்டு. கொசு வளர்கிறதா என்று சோதிக்கத் தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரி வந்தபோது அலமாரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் குனிந்து ஜாக்கின் அடிக்குழியில்தான் டார்ச் அடித்தார்.