நைட்ரஸ் ஆக்சைடும் மண்ணும்: நாம் செய்கிற தவறுகள்

நைட்ரஸ் ஆக்சைடு என்றாலே வயலில் போட்ட யூரியாவிலிருந்து கிளம்புகிற வாயு என்றுதான் சொல்வார்கள். அது சரிதான், ஆனால் அதே மண் அந்த வாயுவைச் சிதைக்கவும் செய்கிறது என்பதை மறப்பதுதான் முதல் தவறு. நூறாண்டுக் காலத்துக்குக் கணக்கிட்டால் கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 270 மடங்கு சூடேற்றும் வாயு இது, மண்ணுக்குள்ளேயே எவ்வளவு அழிகிறதோ அவ்வளவு நல்லது.

மண் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். வேலை செய்வது நுண்ணுயிரிகள். காற்றுப் புகாத ஈர மண்ணில் அவை ஆக்சிஜனுக்குப் பதிலாக, யூரியா மண்ணில் மாறி உண்டாகும் நைட்ரேட்டை வைத்துச் சுவாசிக்கின்றன. அது படிப்படியாக மாறி நைட்ரஸ் ஆக்சைடாகி, கடைசியில் சாதுவான நைட்ரஜனாக முடியும். அந்தக் கடைசிப் படிக்கான நொதிக்குச் செம்பு வேண்டும், ஆக்சிஜன் பட்டால் முடங்கிவிடும், அமில மண்ணில் சரியாக உருவாகவே உருவாகாது.

மண்ணிலிருந்து வரும் இந்த வாயுவை அளப்பவர்களும் ஒரு தவறு செய்கிறார்கள். மண்மேல் பெட்டியைக் கவிழ்த்து, சிறிது நேரத்துக்கு ஒருமுறை ஊசிக்குழாயில் காற்றை எடுத்துப் பார்க்கும்போது, அளவு ஏறாமல் லேசாக இறங்கினால் கருவிப் பிழை என்று பூஜ்யம் போட்டுவிடுகிறார்கள். சில நேரம் பிழையாகவும் இருக்கலாம், ஆனால் நைட்ரேட் குறைந்த ஈர மண்ணில் அது உண்மையான உறிஞ்சலாகவும் இருக்கும், அதை அழித்துவிட்டால் கணக்கே கோணிப்போகும். அதற்காக மண்ணே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்றும் நம்பக் கூடாது. காற்றில் கலந்ததில் பெரும்பங்கு மேல் வளிமண்டலத்தில் சூரிய ஒளியில்தான் அழிகிறது, அதற்கு நூறு ஆண்டுக்கு மேல் ஆகும்.

வயலுக்கு வருவோம். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் நெல் வயலில் மீத்தேன் குறையும், நல்ல முறைதான். ஆனால் மேலுரமாக யூரியாவை வீசிய கையோடு தண்ணீரை வடித்து, மண்ணில் மயிரிழை வெடிப்பு விழும்வரை காயவிட்டால் காற்று புகுந்து நைட்ரேட் பெருகும், அப்புறம் மறுபடி பாய்ச்சும்போது நைட்ரஸ் ஆக்சைடு குபீரென்று கிளம்பும், ஏனென்றால் நைட்ரேட் நிறையக் கிடைக்கிற நுண்ணுயிரி கடைசிப் படி வரை போவது குறைவு.

மண் புளித்திருக்கிறதா என்று சோதிக்காமல் உரத்தை மட்டும் கூட்டுவது இன்னொரு தவறு. அமிலம் மிகுந்த மண்ணில் பரிசோதனை முடிவைப் பார்த்துச் சுண்ணாம்பு இட்டால் அந்த நொதிக்கு உதவும். நீலகிரி மாதிரி தேயிலை மண்ணில் மட்டும் கவனம், தேயிலைக்கே கொஞ்சம் அமிலம் வேண்டும் என்பதால் அளவுக்கு மேல் போட்டால் செடி கெடும். நெல்லுக்கு, இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கிற இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, பயிர் கேட்கும்போது மட்டும் யூரியாவைப் பிரித்துப் போடுங்கள்.